காயலான் கடையில் விலை போகுமா?

பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கிற வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் நிறைய உண்டு. சிப்ஸ் கவரைச் சேர்க்கிற வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இரண்டும் பிளாஸ்டிக்தான். ஆனால் பால் கவருக்குக் காயலான் கடையில் தனி ரேட் உண்டு. சிப்ஸ் கவரைக் கொண்டுபோனால் கடைக்காரர் தராசுப் பக்கமே திரும்ப மாட்டார்.

கவர் வடிவமைப்பது என் தொழில். மசாலாப் பொடி, முறுக்கு, ஊறுகாய், காப்பித்தூள் என்று போடுகிறவர்கள் வருவார்கள். எந்த பிலிம், எத்தனை மைக்ரான், எப்படி சீல் என்று நான் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றைத் தடை செய்தது. அதற்குப் பிறகு, வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: “சார், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத கவரா ஒண்ணு போட்டுக் குடுங்க.” அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலியான பிறகு இதைக் காயலான் கடையில் காசு கொடுத்து எடுப்பார்களா?

பால் கவர் முழுக்க பாலி எத்திலீன் என்கிற ஒரே குடும்பம். கழுவி, உருக்கி, குருணையாக்கிக் கறுப்புக் குழாயோ குப்பைப் பையோ செய்துவிடலாம். வாங்க ஆள் இருப்பதால் பொறுக்கவும் ஆள் இருக்கிறது. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. பால் ஊற்றும்போது மூலையைக் கத்தரித்து எறிகிறோமே, அந்த முக்கோணத் துணுக்கு எந்த மூட்டையிலும் சேராமல் சாக்கடைக்குப் போய்விடும். முழுதாக வெட்டாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறிவிட்டாலே போதும். இதே காரியத்தைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் பாட்டில் மூடிக்குச் செய்தது. 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் பாட்டில்களில் மூடியைத் திறந்தாலும் அது கழன்றுவிடாமல் பாட்டிலிலேயே தொங்க வேண்டும் என்பது 2024 ஜூலை 3 முதல் அங்கே சட்டம். குடிக்கும்போது மூக்கில் இடிக்கிறது என்று அங்குள்ளவர்கள் திட்டினார்கள். இடிக்கட்டும்.

இப்போது முறுக்குக் கவருக்கு வருவோம். மணப்பாறைப் பக்கம் முறுக்கு போடும் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பழைய கவர், சந்தையில் சாதாரணமாகப் புழங்கும் மூன்றடுக்குக் கவர்தான். வெளியே பிரிண்ட் அடித்த பாலியெஸ்டர் 12 மைக்ரான். நடுவே வெள்ளிப் பூச்சுள்ள பாலியெஸ்டர் இன்னொரு 12. உள்ளே 50 மைக்ரானுக்கு பாலி எத்திலீன். தலைமுடியே 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கவரின் தடிமனைப் புரிந்துகொள்ளலாம். வெள்ளி என்கிறோமே, அது அலுமினியம். ஆவியாக்கிப் படியவைப்பது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இத்தனை அடுக்கு வீம்புக்காகப் போட்டதல்ல. முறுக்குக்கு இரண்டு எதிரிகள். ஈரம் புகுந்தால் நமுத்துப் போகும். ஆக்ஸிஜன் புகுந்தால் எண்ணெய் காறல் வாடை அடிக்கும். வெளிச்சம் பட்டால் இரண்டாவது இன்னும் வேகமாக நடக்கும். பாலி எத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்ஸிஜனைத் தடுக்காது. அந்தப் பொறுப்பு வெள்ளிப் பூச்சுக்கு. வெளி பாலியெஸ்டருக்கு வேறு வேலை. கவரை ஒட்டும் மெஷினின் சூடான தாடை அதன்மேல்தான் அழுந்துகிறது. பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருப்பது 110 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். உள்பக்கம் உருகி ஒட்டிக்கொள்ளும்போது வெளிப்பக்கம் அசையாமல் இருக்கும். நடுவில் நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி. ஆபரேட்டர் டீ குடித்துக்கொண்டே ஓட்டலாம்.

கவரைக் குப்பையாக்குவதும் அதே இடைவெளிதான். உருக்கிக் குருணையாக்கப் போனால், உள்ளடுக்கு உருகும் சூட்டில் வெளியடுக்கு உருகாமல் திரிதிரியாக நிற்கும். வெளியடுக்கு உருகும் அளவுக்குச் சூட்டை ஏற்றினால் உள்ளடுக்கு சிதையத் தொடங்கும். பசை போட்டு ஒட்டிய அடுக்குகளைக் கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க வழி இல்லை. அதனால் இந்த ரகக் கவர்கள் அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகப் போகின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் வகுத்த முறையில் கொஞ்சம் தார்ச்சாலைக்குள் போகும். குப்பைமேட்டில் கிடப்பதற்கு இவை எவ்வளவோ மேல். ஆனால் கவர் திரும்பக் கவராகவோ வாளியாகவோ வருவதில்லை.

முறுக்குக்காரருக்கு நான் சொன்ன மாற்று: மூன்று அடுக்கையும் பாலி புரொப்பிலீன் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது. பெரிய சிப்ஸ் கம்பெனிக் கவர்களில் பல ஏற்கெனவே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கின்றன. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து முறுக்கேற்றிய பிலிம் வெளியே; அதே பிலிம் வெள்ளிப் பூச்சோடு நடுவே; இழுக்காத பிலிம் உள்ளே. ஈரத்தைத் தடுப்பதில் பழைய கவருக்குக் குறைவில்லை.

சிக்கல் மெஷினில் வந்தது. இப்போது வெளிக்கும் உள்ளுக்கும் இடையே இருபது முப்பது டிகிரிதான் வித்தியாசம். கொஞ்சம் சூடு கூடினால் வெளிப்பக்கம் சுருங்கித் தாடையில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் சீல் பிரியும். ஆபரேட்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், “சார், நீங்க பாட்டுக்குக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. ராத்திரி ஷிப்ட்ல கரண்ட் ஏறி எறங்குனா யாரு பாக்குறது?” நியாயமான கேள்வி. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியை நல்லதாக மாற்றி, தாடைக்கு டெஃப்லான் துணி போட்டு, ஓட்டத்தையும் கொஞ்சம் குறைத்த பிறகுதான் சரியானது. பிலிம் விலையைவிட அந்த வேகக் குறைவுதான் முதலாளிக்கு உறுத்தியது. பசுமைக் கவர் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் இந்தக் கணக்கு மட்டும் வராது.

இன்னொன்றும் இருந்தது. கவர் ஒரே குடும்பம் என்பது எனக்குத் தெரியும், காயலான் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பளபளவென்று வெள்ளி தெரிந்ததுமே அவர் ஒதுக்கிவிடுவார். பல வருடப் பழக்கம் அவருடைய விரலுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கண்ணாடிபோலத் தெரியும் தடுப்புப் பூச்சுகள் வந்திருக்கின்றன, ஆனால் விலை அதிகம். வெளிச்சத்தைத் தடுக்க மறுபடி மையைத் தடிமனாகப் பூச வேண்டும். மை கூடினால் குருணை அழுக்குப் பச்சையாகவோ கறுப்பாகவோ வரும், விலை இறங்கும். இந்த இழுபறிக்கு ஒரே விடை கிடையாது. அப்பளத்துக்கு ஒன்று, காப்பித்தூளுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

நிறம் எப்படி விலையை மாற்றும் என்பதற்கு ஸ்பிரைட் பாட்டில் நல்ல சாட்சி. அறுபது வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் பச்சை பாட்டிலில் வந்த ஸ்பிரைட், 2022 ஆகஸ்டில் நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறத் தொடங்கியது. பச்சை பாட்டிலை உருக்கினால் பெரும்பாலும் கம்பளமும் துணியும்தான். நிறமில்லாததை உருக்கினால் திரும்ப பாட்டிலே செய்யலாம். பாட்டில் உடம்பு முழுக்கச் சுருக்கி மாட்டும் பி.வி.சி. லேபிள் இதைவிட மோசம். மறுசுழற்சி ஆலையில் துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், எளிதாக அள்ளிவிடலாம். பி.வி.சி. மட்டும் பாட்டில் துண்டுகளோடு சேர்ந்து மூழ்கி, உருக்கும் சூட்டில் கருகி, எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். யாரோ ஒரு லேபிள் டிசைனர் அழகுக்குப் போட்டது.

மக்கும் பிளாஸ்டிக் போடலாமே என்று கேட்பார்கள். அந்த ரகங்களில் அதிகம் புழங்குவது மக்க, 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முறையாக நடக்கும் உரக்கூடம் வேண்டும். ஊரில் அது இல்லை என்றால் அதுவும் இன்னொரு கவர், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் என்னால் தீர்க்க முடியாத உருப்படி, ஒருமுறைக்கான சின்ன பாக்கெட்டான சாஷே. நம் ஊர்ச் சரக்கு அது. கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேக்கு முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க வசதியில்லாதவர் தலைக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் காலத்தில் அவர்கள் ஒரு சலுகை வைத்தார்கள்: ஐந்து காலி சாஷே கொடுத்தால் ஒரு சிக் இலவசம். விற்பனை உத்திதான், குப்பையைப் பற்றிய கவலை இல்லை. ஆனாலும் காலி சாஷேக்கு ஒரு விலை வந்ததும் அது கடைக்குத் திரும்பி வந்தது.

சாஷேயை ஒரே குடும்பப் பிலிமில் செய்துவிடலாம். பயனில்லை. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். குனிந்து நிமிரும் கூலிக்குக்கூடக் கட்டாது. அங்கே மாற்ற வேண்டியது விற்கும் முறையை. சிலி நாட்டில் அல்கிராமோ என்ற நிறுவனம் சோப்புத்தூள், திரவ சோப்பு போன்றவற்றை வேண்டிய அளவு மட்டும் சொந்தக் குப்பியில் நிரப்பிக்கொள்ள இயந்திரங்கள் வைத்தது. செக்கு எண்ணெய்க் கடைக்குத் தூக்கோடு போகிற நமக்கு இது புதிதில்லை. எங்கள் தெரு மளிகைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். “வேலைக்குப் போற அவசரத்துல வர்றவங்க குப்பிய எங்க கொண்டாரப் போறாங்க? கலப்படம்னு ஒருத்தன் கெளப்பிவிட்டா என் கடைதானே நாறும்?” என்றார்.

கலப்படத்துக்கு வழி உண்டு. கம்பெனியிலேயே சீல் வைத்த கேன், அதில் ஒரு அழுத்துக்கு ஓர் அளவு ஊற்றும் வால்வு, பேட்ச் எண் கேன்மேலேயே. குப்பிக்கு முன்பணம் வைக்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2022-ல் நீலகிரியில் தொடங்கிய டாஸ்மாக் பாட்டில் திட்டம் அதைத்தான் செய்கிறது: 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். ஆனால் அதில் அடையாள ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கடை ஊழியர் தலையில் விழுந்தது. காலி பாட்டிலை வைக்க இடமில்லை என்ற புகாரும் உண்டு. ஷாம்பூக் குப்பிக்கு வரைந்த மாதிரியில் அடையாளத்தை அச்சிலேயே வார்த்துவிட்டேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி வாயை அகலமாக வைத்திருக்கிறேன். பத்துக் குப்பி அடுக்கினாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் போதும். வாய் அகலமானதால் மூடி இன்னும் ஒழுகுகிறது.