பத்து வயசு குறைய ஒரு ஜோடி விளக்கு!

எங்கள் அபார்ட்மென்ட்டில் பத்து கார் நின்றால் எட்டு கார் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு முறைக்கும். என்னுடையது 2012 மாடல், செகண்ட் ஹேண்ட். தூங்கி எழுந்த முகம். 'டி.ஆர்.எல். போடுங்க ஸார், பத்து வயசு குறைஞ்சிடும்' என்று மூன்றாம் மாடிப் பையன் உசுப்பேற்ற (எனக்கா, காருக்கா என்று அவன் சொல்லவில்லை), ஒரு சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஆஜரானேன்.

டி.ஆர்.எல். என்றால் டே டைம் ரன்னிங் லைட். பகலில் முன்பக்கம் எரிகிற வெள்ளை விளக்கு. நாம் ரோட்டைப் பார்ப்பதற்கு அல்ல. எதிரே வருகிறவர் நம்மைப் பார்ப்பதற்கு. சூரியன் சோம்பேறித்தனம் பண்ணுகிற ஸ்வீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கெரியணும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஐரோப்பிய யூனியனில் 2011 முதல் புது மாடல் கார்களில் டி.ஆர்.எல். கட்டாயம். சென்னை வெயிலுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கு அழகுக்குத்தான்!

ஜோடி எழுநூறு ரூபாய். ஃபிட்டிங் இருநூறு. ஒரு பையன் பம்பரில் விளக்கை மாட்டி, ஒயரை நேரே பேட்டரியில் முறுக்கி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்தான். இருபதே நிமிஷம். 'அவ்ளோதான் ஸார்!'

அவ்ளோதான் இல்லை. ரெண்டு மாசம் கழித்து ஒரு ராத்திரி ஸ்விட்சை அணைக்க மறந்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு மௌனம்.

நான் பி.காம். உடனே கணக்குப் போட்டேன். பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். விளக்கு ரெண்டும் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 12 செலவு. பாக்கி 23 இருக்கணுமே? நாலு வயசு பேட்டரியில் 35 எங்கே இருக்கு! அது வாராக்கடன்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் பாய் வந்து பானட்டைத் திறந்தார். முகம் மாறியது.

"தம்பி, இந்த ஒயர்ல ஃபியூஸ் எங்கே?"

"அது வேணுமா பாய்?"

பதில் சொல்லாமல் விரலால் காட்டினார். ஒயர் தகரத்தில் உரசி உரசி, உள்ளே செம்பு பல்லைக் காட்டியது.

"ஷார்ட் ஆச்சுன்னா மொத்த கரன்ட்டும் இந்த நூல் ஒயர்ல பாயும். ஃபியூஸ் இருந்தா அது செத்து வண்டியைக் காப்பாத்தும். இல்லேன்னா வண்டியே டி.ஆர்.எல். மாதிரி எரியும்!"

போன வாரம்தான் அந்தக் காரில் குழந்தையைத் தூங்க வைத்தபடி திண்டிவனம் போய் வந்தோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பாய் புது ஒயரைக் குழாய்க்குள் விட்டு, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸும் ஒரு ரிலேயும் வைத்தார். இனி சாவி போட்டால் எரியும், எடுத்தால் அணையும். ஹெட்லைட் போட்டாலும் தானே அணையும். ஸ்விட்சைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். பில், விளக்கு விலையைத் தாண்டிவிட்டது.

அதோடு முடிந்ததா? ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு சாயங்காலம், கொட்டுகிற மழை. முன்னால் வெளிச்சம் தெரிய, லைட் போட்டாச்சு என்ற நினைப்பில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் 'கிறீச்'! பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஜன்னல் வழியே கத்தினார்: "யோவ், பின்னாடி லைட்டே இல்லாம போறியே, உன்னை எப்படிய்யா பாக்குறது?"

வாஸ்தவம். டி.ஆர்.எல். எரிந்தால் டெயில் லேம்ப் எரியாது. இருட்டினாலும் மழை வந்தாலும் ஹெட்லைட்டை நாம்தான் போடணும்.

இப்போதெல்லாம் வானம் லேசாகக் கறுத்தாலே பின் ஸீட்டிலிருந்து குரல் வருகிறது: "என்னங்க, நிஜ லைட்டைப் போட்டீங்களா?"

மூன்றாம் மாடிப் பையன் நேற்று லிஃப்ட்டில் பிடித்துக்கொண்டான். ஹார்னை மாற்றணுமாம்.