உதிரிப் பழமும் ஒற்றைக் குண்டும்

செம்பனைக் கன்று நட்ட மறுநாள் காலையில் வரிசையில் நடந்தால் சில நேரம் இதைப் பார்க்கலாம். கன்று சாய்ந்து கிடக்கும். அடித்தண்டு பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைக் குருத்து மட்டும் காணாமல் போயிருக்கும். சுற்றிலும் மண் ஏர் ஓட்டியதுபோல் புரண்டிருக்கும். பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

காட்டுப்பன்றியின் மூக்கு நுனியில் தட்டையான வட்டும், அதைத் தாங்க உள்ளே ஒரு சிறு எலும்பும் உண்டு. மோப்பக் கருவியும் மண்வெட்டியும் அதற்கு ஒன்றுதான்.

குருத்து போவது கண்ணில் படும் இழப்பு. இதைவிடப் பெரிய சங்கதி வளர்ந்த மரத்தடியில் நடக்கிறது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், நம் பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே. ரப்பர் விதை பருவத்துக்குத்தான் வெடித்து உதிரும். செம்பனைக் குலையோ ஆண்டு முழுதும் பழுக்கும். தரையில் உதிரிப் பழம் கிடந்தால் குலை வெட்டத் தயார் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பன்றிக்கும் தெரியும். பழச் சதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். இவ்வளவு கொழுத்த தீனி காட்டில் அதற்கு எளிதில் கிடைக்காது.

காட்டில் மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் பூத்துக் காய்த்துக் கொட்டும். அந்தக் காலத்தில் பன்றி பெருகும். பிறகு வருவது பஞ்சம். எண்ணிக்கை தானாக இறங்கும். செம்பனை அந்தப் பஞ்சத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

சுட்டுத் தீர்த்துவிடலாமே என்பார்கள். இங்கே அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தைச் சற்றுப் பார்ப்பது நல்லது. அங்கே கள்ளிச்செடி மண்டிய மலையிடுக்குகளில் ஹாவலினா என்ற விலங்கு கூட்டமாகத் திரிகிறது. பார்வைக்குப் பன்றிபோல் இருந்தாலும் குடும்பம் வேறு: மேல்தந்தம் வளைந்து மேலே ஏறாமல் நேராகக் கீழ்நோக்கி நிற்கும், முதுகில் நாற்றச் சுரப்பி இருக்கும். அதை வேட்டையாடச் சிலர் இன்றும் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை எடுத்துப் போகிறார்கள். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்தைக் குழலின் வாய்வழியே இட்டு, குண்டை இடித்து இறக்க வேண்டும். எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகை மூட்டம் அதனால்தான். புகை கலைந்து மறுபடி கெட்டிப்பதற்குள் கூட்டம் ஓடிப்போயிருக்கும். ஆகவே ஒரே ஒரு குண்டு.

ஹாவலினாவுக்கு அந்த ஒன்றே போதும். பெட்டை ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுமந்து பெரும்பாலும் இரண்டு குட்டிதான் ஈனும். அரசு உரிமச் சீட்டை எண்ணிக் கொடுத்தால் பிறப்பும் வேட்டையும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டும். நம் காட்டுப்பன்றியோ 115 நாள் போலச் சுமந்து நான்கு முதல் எட்டுக் குட்டி வரை போடும். வயிறு நிறைந்தால் அந்தக் குட்டியும் ஓராண்டுக்குள் தாயாகிவிடும். துப்பாக்கி எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் தொட்டி நிறைந்திருக்கும்வரை பன்றி திரும்ப நிறையும்.

நம் நாட்டிலோ துப்பாக்கி என்றுமே எளிதாகக் கிடைத்ததில்லை. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் வந்ததும் ஆயுதச் சட்டம் உயிரையே கேட்கும் அளவுக்கு இறுகியது. நாயும் வேல்கம்பும் கம்பிக் கண்ணியும்தான் எளியவர்கள் கைக்கு எட்டியவை. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாட உரிமம் வேண்டும், கண்ணிக்குத் தடை. அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். கம்பிக்குப் பன்றிக் காலும் புலிக் காலும் ஒன்று.

என் கவலை தோட்டத்தோடு நிற்பதில்லை. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டை மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்திருக்கிறது. அங்கே காலன் இக்கெஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் கணக்கெடுத்தபோது சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் தேறின, 1998-இல் 27. அவை இரவில் தோட்டத்தில் தின்றுவிட்டுக் காட்டுக்குத் திரும்பும். சினைப் பன்றி குட்டி போடக் காட்டுக்குள்தான் இடம் தேடும். விரல் பருமனுள்ள இளமரங்களைக் கடித்து ஒடித்து, வேரோடு பிடுங்கி, நூற்றுக்கணக்கில் குவித்து அதற்குள் படுத்துக்கொள்ளும். 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அதே காட்டின் 24 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தது. இளமரங்களின் அடர்த்தி 62 சதவீதம் சரிந்திருந்தது. தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால்கூட அந்தச் சேதம் தெரிந்தது.

இந்தச் சரிவுக்கு ஒரு மரத்தையும் மனிதன் வெட்டவில்லை. மெராந்தி வானளாவ நிற்கிறது. அடியில் அதன் கன்றுகள் அருகிவிட்டன. குட்டிகள் எழுந்து போன பிறகு காய்ந்த சுள்ளிக் குவியல் மட்டும் கிடக்கிறது.