கோடை மழையில் லாரி: வண்டியை ஓரங்கட்டும் உரிமை

ஐப்பசி அடைமழை சாலையைக் கழுவிவிடும். சித்திரை, வைகாசியில் மாலையில் இடியோடு வந்து சீக்கிரமே ஓய்ந்துவிடும் கோடை மழை அப்படியல்ல. மாசி, பங்குனி முழுக்கத் தார்ச்சாலையில் படிந்த டீசல், இன்ஜின் ஆயில், டயர்த் தூள், புழுதி எல்லாம் முதல் தூறலில் குழைந்து வழுக்குப் படலமாகிவிடும். நல்ல மழை பெய்து அதை அடித்துக்கொண்டு போகும் வரை லாரிக்குக் கெட்ட நேரம்தான். "சாரல்தானே" என்று வேகத்தைக் குறைக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் கால்வாசியாகக் குறையும். மழையில் செய்யக்கூடிய காரியங்களில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

பெங்களூருவிலிருந்து சேலத்துக்கு லோடு ஏற்றி வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீசல் மிச்சமாகும் என்று அந்த நீண்ட இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கியரில் இல்லாத வண்டியை இன்ஜின் பிடித்து வைக்காது. பாரம் முழுவதையும் பிரேக் தாங்க வேண்டியிருக்கும். டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். இன்ஜினையே அணைத்துவிட்டால் ஏர் டேங்கில் காற்று ஏறுவதும் நின்றுவிடும். அந்த மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அதையும் இறக்கத்தின் உச்சியிலேயே போட்டுவிடுங்கள். ஈரச் சாலையில் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் திடீரென்று போடக் கூடாது. இன்ஜின் இழுக்கும் சக்கரங்கள் மட்டும் பிடித்து வண்டியின் பின்பக்கம் ஒதுங்கிவிடும். காலி வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். டயரை அழுத்திப் பிடிக்க எடை இல்லாததால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும்.

டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரில் வண்டி ஓட்டுவது விதிமீறல். மழைக்கு அந்த அளவே போதாது. முன் ஆக்சிலில் ரீட்ரெட் டயர் மாட்டுவதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியாது. சக்கரத்துக்கு அடியில் தேங்கும் நீரை வெளியே தள்ளுவது அந்தப் பட்டன்தான். அது தேய்ந்திருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது.

ஆனால் டயர் வாங்குகிறவர் ஓட்டுநர் அல்ல. எத்தனை டன் ஏற்றுவது, எத்தனை மணிக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பதையும் ஓட்டுநர் முடிவு செய்வதில்லை. விபத்து நடந்தால் வழக்கு மட்டும் அவர் பெயரில் பதிவாகிறது. இது அநியாயம். சட்டம் இந்த விஷயத்தில் ஓட்டுநர்கள் நினைப்பதைவிட அவர்கள் பக்கம் நிற்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, பழுதான வண்டியை ஓட்டுகிறவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. கூடுதல் பாரத்துக்கு 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், முதலாளிக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லித்தான் பாரம் ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் கருதலாம் என 113-வது பிரிவு இடம் தருகிறது. நாளுக்கு 8 மணி நேர வேலை என்பது சட்டம் வகுத்த வரம்பு. கண் சொருகும்போது, கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாதபோது பாதுகாப்பான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவது வேலை மறுப்பு ஆகாது. "மழை வலுத்துவிட்டது, இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று புக்கிங் ஆபீசுக்கும் ஓனருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். டயர் மாற்றச் சொல்வதையும் அப்படியே எழுத்தில் சொல்லுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

விபத்து நடந்துவிட்டால் 108-க்கும், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் அழையுங்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டம் கைவைக்கும் என்று அஞ்சினால் அங்கிருந்து விலகலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

வண்டி தானாக வழுக்கிக் கவிழ்ந்தால் இழப்பீடு கிடையாது என்று பல குடும்பங்கள் பேசாமல் இருந்துவிடுகின்றன. மனதை உறுத்தும் விஷயம் இது. எதிரில் யார் தவறும் இல்லாவிட்டாலும், சம்பளத்துக்கு ஓட்டியவர் வேலையின்போது காயமடைந்தாலோ இறந்தாலோ இழப்பீடு கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். அந்தப் பொறுப்பை லாரியின் மூன்றாம் நபர் காப்பீடே ஏற்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் தாமதிக்காமல் மனு கொடுக்க வேண்டும். மோதிய வேறு வண்டியின் மேல் தவறு என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குச் சட்டம் சொல்லும் காலம் 6 மாதம்.

இந்த வழக்குகளில் சிக்கல் வருவது "இவர் என்னிடம் வேலை செய்யவே இல்லை" என்று ஓனர் கைவிரிக்கும்போதுதான். ஆகவே ட்ரிப் ஷீட், பேட்டா வாங்கிய ரசீது, சம்பளம் வந்த ஜிபே பதிவு, வண்டியின் காப்பீட்டு நகல் ஆகியவற்றைப் படமெடுத்து, கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்களின் போனுக்கு அனுப்பி வையுங்கள்.