எண்களுக்குள் ஒரு கமகம்

நுழையும்முன்

வீணைக் கம்பியை இழுக்கும் விரலின் அசைவில் படிகள் இல்லை. அவ்வசைவை மின்னணு இசைக்கருவிக்கு எடுத்துச் செல்லும் எண்களிலோ படிகள் உண்டு. அப்படிகளை மறையச் செய்து, விரலின் அசைவை மீண்டும் வளைவாக ஒலிக்கச் செய்வது எவ்வாறு? அதில் எதை இழக்க நேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

சுரமும் அசைவும்

1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, ஆர்மோனியம் வாசிப்பதற்குத் தடை விதித்தது. 1971ஆம் ஆண்டில்தான் அத்தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தின் மீது வைக்கப்பட்ட குறைகளுள் முதன்மையானது, அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே சுருதியில் நின்றுவிடும் என்பதாகும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது.

நம் இசையில் இது சிறு குறையன்று. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. அசைந்தே தன்னை அடையாளம் காட்டும். அவ்வசைவைக் கமகம் என்கிறோம். வீணையில் 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டிருப்பினும், கலைஞர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இரு மெட்டுகளுக்கு இடைப்பட்ட ஒலிகளையும் எழுப்புகிறார். நாகசுரத்தில் மூச்சும் விரலும் அப்பணியைச் செய்கின்றன. யாழ் வாசிப்போரின் விரல்தொழில்களை இசைக்கரணங்கள் எனப் பெயரிட்டுச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி எட்டாகக் கூறுகிறது. சுரத்தைத் தொடும் முறையும் இசையின் ஒரு பகுதியே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

அசைவு எண்ணாகும் விதம்

சின்தசைசர் என்பது மின்னணுச் சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி. இத்தகைய கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழியே ‘மிடி’. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, சுருதிச் சக்கரம் எவ்வளவு திருப்பப்பட்டது என்பன எல்லாம் எண்களாக மாறிச் செல்கின்றன.

ஒலியளவு, வடிகட்டியின் திறப்பு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் எண்கள் பெரும்பாலும் 0 முதல் 127 வரை அமைந்தவை. அதாவது, 128 படிகள் மட்டுமே. சுருதி வளைவுக்கு மட்டும் 16,384 படிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆயினும், எல்லாக் கருவிகளும் அத்தனை படிகளையும் பயன்படுத்துவதில்லை. ஒரு கருவி 128 படிகளில் மட்டுமே சுருதியை அனுப்புகிறது எனவும், அதன் வீச்சு மேலும் கீழும் 48 அரைச்சுரங்கள் எனவும் கொள்வோம். 96 அரைச்சுரங்களை 128 படிகளில் பகிர்ந்தால், ஒரு படி முக்கால் அரைச்சுரம் ஆகிவிடும். இவ்வளவு பெரிய படியில் கமகம் வழுக்காது, தாவும். வடிகட்டியை மெல்லத் திறக்கும்போதும் படிகள் தனித்தனியே கேட்டு, பையின் ஜிப்பை இழுப்பது போன்ற கரகரப்பு எழும்.

தொடர்வண்டி தரும் விளக்கம்

இதனை நாமறிந்த ஒரு பயணத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து மின்சாரத் தொடர்வண்டியில் வரும் நண்பருக்காக நீங்கள் மறைமலை நகர் நிலையத்தில் காத்திருக்கிறீர்கள். அவர் ஒவ்வொரு நிலையத்தை அடைந்ததும் அதன் பெயரை மட்டும் கைப்பேசியில் அனுப்புகிறார்: பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர். அப்பெயர்களை மட்டும் நம்பினால், வண்டி பெருங்களத்தூரில் நின்று, திடீரென வண்டலூருக்குத் தாவியதாகவே தோன்றும். வண்டி தாவாது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே, இரு நிலையங்களுக்கும் இடையே மனத்தால் ஒரு கோடு வரைகிறீர்கள். இசைக்கருவி செய்யும் சமன்படுத்தலும் இதுவே.

இங்கு இரண்டு உண்மைகளைக் கவனிக்க வேண்டும். வண்டலூர் என்னும் செய்தி வந்த பின்னரே பெருங்களத்தூரையும் வண்டலூரையும் இணைக்க இயலும். ஆகவே, சமன்படுத்தலுக்குக் காலத்தாழ்வு என்னும் விலை உண்டு. இடைவழியில் வண்டி சற்று நின்று புறப்பட்டிருந்தால், நீங்கள் வரைந்த நேர்கோட்டில் அது தெரியாது. ஆகவே, உண்மையான நுட்பமும் மறைந்துபோகலாம்.

சமன்படுத்தும் முறை

எளிமையான முறை ஒன்று உண்டு. புதிய எண் வந்தவுடன் அதற்குத் தாவாமல், இருக்கும் இடத்திற்கும் சேரவேண்டிய இடத்திற்கும் உள்ள தொலைவில் ஒரு பங்கை மட்டும் கடப்பதே அது. கருவி 40இல் இருக்கும்போது 80 என்னும் எண் வருகிறது என்க. ஒவ்வொரு முறையும் எஞ்சிய தொலைவில் கால் பங்கைக் கடந்தால், அது 50, 57.5, 63.1 என நகரும். முதலில் விரைந்து, பின்னர் மெல்ல இலக்கை நெருங்கும். இக்கணக்கை ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை செய்தால் படிகள் காதுக்குப் புலப்படா.

எவ்வளவு சமன்படுத்துவது என்பதே அரிய வினா. தொலைவில் ஏறத்தாழ 63 விழுக்காட்டைக் கடக்க ஆகும் நேரத்தைச் சமன்படுத்தும் நேரம் எனக் கொள்வோம். நொடிக்கு ஐந்து முறை அசையும் ஒரு கமகத்தை எடுத்துக்கொண்டால், இந்நேரம் 5 மில்லி நொடியாக இருக்கையில், அசைவின் அகலத்தில் 98 விழுக்காட்டிற்கு மேல் எஞ்சும். அதே நேரம் 100 மில்லி நொடியானால், மூன்றில் ஒரு பங்குகூட எஞ்சாது. கரகரப்பு முற்றிலும் நீங்கியிருக்கும், கமகமும் நீங்கியிருக்கும். எந்தக் குறைக்காக ஆர்மோனியம் ஒதுக்கப்பட்டதோ, அதே குறை புதிய கருவியில் மறுபடியும் குடிபுகும்.

ஆகவே, தேர்ந்த கருவிகளில் அசைவிற்கேற்பச் சமன்படுத்தும் அளவும் மாறுமாறு அமைக்கலாம். விரல் மெல்ல நகரும்போது படிகள் எளிதில் கேட்கும். அப்போது மிகுதியாகச் சமன்படுத்தலாம். விரல் விரைந்து அசையும்போது குறைத்துவிடலாம். புதிய சுரம் தொடங்கும் நொடியில் சமன்படுத்தலை நிறுத்திவைப்பதும் இன்றியமையாதது. இல்லையெனில், புதிய சுரம் முந்தைய சுரத்தின் வளைவிலிருந்து ஊர்ந்து வந்து, இராகத்தில் இல்லாத ஒலியைத் தொட்டுச் செல்லும்.

ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வழி

மிடியின் தொடக்கக் காலத்தில், சுருதி வளைவு ஓர் அலைவரிசை முழுமைக்கும் பொதுவானது. ஒரு சுரத்தை வளைத்தால் அதனுடன் ஒலிக்கும் மற்றச் சுரங்களும் வளையும். 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட விரிவாக்கம் ஒன்று, ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி அலைவரிசையை வழங்கியது. அதனால், விரலின் பக்கவாட்டு அசைவு, மேல்கீழ் அசைவு, அழுத்தம் ஆகியவற்றைச் சுரந்தோறும் தனித்தனியே அனுப்ப முடிகிறது.

கட்டைகளே இல்லாமல், வழுக்கிச் செல்லும் ஒரே பரப்பாக அமைந்த ‘கண்டினியம்’ என்னும் கருவியை அமெரிக்கப் பொறியாளர் லிப்போல்டு ஹேக்கன் உருவாக்கினார். சென்னையைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் ‘டெல்லி–6’ (2009) திரைப்படப் பாடலில் அதனைப் பயன்படுத்தினார். வீணைக் கம்பியில் விரல் வழுக்குவது போன்ற வளைவை மின்னணு ஒலியிலும் கேட்க இயலும் என்பதை இத்தகைய கருவிகள் மெய்ப்பித்துள்ளன.

தெரிந்து தெளிவோம்

1983ஆம் ஆண்டு சனவரியில், வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கிய இரு சின்தசைசர்கள் மிடி வழியாக அமெரிக்காவில் பொதுமக்கள் முன் இணைத்துக் காட்டப்பட்டன. இதற்கு வழிவகுத்த அமெரிக்கரான டேவ் ஸ்மித், சப்பானியரான இக்குதாரோ கக்கெகாசி ஆகிய இருவரும் 2013ஆம் ஆண்டில் தொழில்நுட்பக் கிராமி விருது பெற்றனர். 2020ஆம் ஆண்டில் அறிமுகமான மிடி 2.0, கட்டுப்பாட்டு எண்களுக்கு ஏறத்தாழ 429 கோடி படிகளைத் தருகிறது.

முடிவாக

படிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகச் சமன்படுத்தும் தேவை குறையலாம். ஆனால், தீர்மானிக்கும் பொறுப்பு மறையாது. எந்த அசைவு கருவியின் குறை, எந்த அசைவு கலைஞரின் கருத்து எனக் கணக்கு தானாக அறியாது. அதனைப் பிரித்தறிவது பயின்ற செவியே. எனவே, மின்னணு இசை கற்க விழையும் மாணவர், முதலில் ஒரு கமகத்தைப் பாடக் கற்பது நன்று. தம் குரலில் அதன் வளைவை உணர்ந்தவரே, எண்களுக்குள் அது தொலைந்துபோகும் இடத்தையும் கண்டறிவர்.

கற்பவை கற்றபின்

1. கருவி 40இல் இருக்கும்போது 80 என்னும் எண் வருகிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சிய தொலைவில் பாதியைக் கடந்தால், முதல் நான்கு நிலைகளைக் கணக்கிடுக.

2. உங்கள் ஊரில் வீணை அல்லது நாகசுரம் வாசிக்கும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, கமகத்தை விரலாலும் மூச்சாலும் உருவாக்கும் முறையைக் கேட்டறிந்து குறிப்பெழுதுக.