டிசிபியா, யூடிபியா? கோட் எழுதும் முன் மூன்று கேள்விகள்

"டிசிபி நம்பகமானது, யூடிபி வேகமானது." ரெண்டு மார்க் கேள்விக்கு இது போதும். ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதை மட்டும் நம்பி முடிவெடுத்தா, டெமோ அன்னைக்குத்தான் வலி தெரியும். லோக்கல்ஹோஸ்ட்ல பாக்கெட் தொலையறது ரொம்ப அபூர்வம். அங்கே எதை எழுதினாலும் ஓடும். அதனால முதல்லயே இந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

1. லேட்டா வர்ற தகவலால பிரயோஜனம் இருக்கா?

ட்ரோனுக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டளை அனுப்புறீங்கன்னு வச்சுக்குவோம். போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும். நடுவுல ஒண்ணு தொலைஞ்சா, டிசிபி அதைத் திரும்ப அனுப்பும். அது வந்து சேரும் வரை, பின்னாடி வந்த அஞ்சாறு கட்டளைகளையும் உங்க ப்ரோக்ராம் கையில தராது. அவை ஏற்கெனவே வந்திருந்தாலும் சரி, வரிசைதான் முக்கியம். ட்ரோனுக்குத் தேவை கடைசிக் கட்டளை மட்டுமே. இங்கே யூடிபி சரி. வரிசை எண்ணை நீங்களே போட்டு, பழசு வந்தா தூக்கிப் போட்டுடலாம்.

வங்கிப் பரிமாற்றம், ஃபைல், சாட் இதெல்லாம் லேட்டானாலும் முழுசா வந்தாகணும். அதுக்கு டிசிபிதான்.

2. செய்தி எங்கே முடியுதுன்னு யார் சொல்றது?

நிறைய பேர் சறுக்குற இடம் இது. டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம். ரெண்டு தடவை சென்ட் பண்ணா, ஒரே ரிசீவ்ல ஒட்டிக்கிட்டு வரலாம். ஒண்ணு பாதியா உடைஞ்சும் வரலாம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னாடி அதன் நீளத்தை அனுப்புங்க. யூடிபியில் எல்லை மாறாது. ஆனா ஈதர்நெட்டின் 1500 பைட்டைத் தாண்டினா பாக்கெட் துண்டாகும். ஒரு துண்டு போனாலும் மொத்தமும் போச்சு. 1200 பைட்டுக்குள் வச்சுக்கிறது நல்லது.

3. ஒரே இணைப்பில் பல வேலைகளா?

பத்துப் படங்கள் ஒரே டிசிபி இணைப்பில் வரும்போது, ஒண்ணோட பாக்கெட் தொலைஞ்சா பத்தும் நிக்கும். இதைத் தீர்க்கத்தான் யூடிபி மேல க்விக் கட்டப்பட்டது. 2021-ல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்தது. எச்டிடிபி/3 இதன் மேல்தான் ஓடுது. ஒவ்வொரு ஓட்டமும் தனித்தனி. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுந்துபோகாம தொடர முடியும். ஒரே சிக்கல், சில ஃபயர்வால்கள் யூடிபியைத் தடுக்கும். மாற்றுவழியா டிசிபியையும் வச்சிருங்க.

பதில் தெளிவா வரலைன்னா டிசிபியில் ஆரம்பிங்க. யூடிபியை எடுத்தா, நெரிசல் கட்டுப்பாடும் உங்க தலையில்தான்.

கடைசியா, லினக்ஸில் நெட்எம் வச்சு 100 மில்லிசெகண்ட் தாமதம், 2 சதவீத பாக்கெட் இழப்பு கொடுத்து ஓட்டிப் பாருங்க. வைவாவில் "ஏன் இதை எடுத்தீங்க?"ன்னு கேட்டா, காட்ட கையில் ஒரு கிராஃப் இருக்கும்.