சாப்பாட்டுப் பெட்டியைக் காருக்குள் பூட்டுங்கள்



பாடசாலை விடுமுறை கிட்ட வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கும். பிள்ளைகள் காட்டுப் பக்கம் போய்க் கூடாரம் அடித்துத் தங்கவேண்டும் என்பார்கள். அம்மாவோ, "காசு குடுத்தும் கூடாரத்துக்குள்ள போய்ப் படுக்கிறதோ? உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்பார். அவர் கேட்பதில் பிழை இல்லை. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர்களுக்கும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரத்துக்குள் நாட்களை எண்ணியவர்களுக்கும், மண்டபத்தில் பதிவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கும் முகாம் என்ற சொல் காதுக்கு இனிமையானதல்ல. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அதே சொல் விடுமுறை, நெருப்பைச் சுற்றிப் பாட்டு, நட்சத்திரம். இரண்டும் ஒரு வீட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே போகத்தான் போகிறோம். போவதை ஒழுங்காகப் போவோம் என்று வானொலியில் பேசினேன். நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் வில்சன்ஸ் புறொமன்ரறியில் உள்ள ரைடல் றிவர் முகாமிடத்துக்கு இரண்டு குடும்பமாகப் போனோம். ட்ருகனினாவிலிருந்து மெல்பேண் நகரைக் கடந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேலான ஓட்டம். எம்மவர் பயணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு இரவுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு. றோல்ஸ், கட்லட், தட்டை வடை, பயற்றம் பணியாரம், பாண், ஒரு சட்டி கோழிக்கறி. இரவில் பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று வடைப் பையையும் பாணையும் கூடாரத்துக்குள்ளேயே தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தோம். நடுச்சாமத்தில் துணி கிழியும் சத்தம். ரோச் அடித்துப் பார்த்தால் கூடாரத்தின் ஒரு பக்கத்தால் வொம்பற் ஒன்று தலையை நுழைத்து வடைப் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறது. பெண்கள் அலற, பிள்ளைகள் சிரிக்க, அது பையைக் கவ்விக்கொண்டு ஆறுதலாக நடந்துபோனது. ஓடக்கூட இல்லை.

காலையில் பூங்கா ஊழியர் வந்து பார்த்துவிட்டு, "வொம்பற்றைப் பிழை சொல்லாதீர்கள்" என்றார். ரைடல் றிவரில் இது வழமையாக நடக்கும் சங்கதி. வளர்ந்த வொம்பற் 25 முதல் 35 கிலோ வரை நிறையுள்ளது. நிலத்தைத் தோண்டிக் குடியிருக்கும் பிராணி. அதன் நகத்துக்குக் கூடாரத் துணி ஒரு பொருட்டே அல்ல. அதற்கு இயற்கையான உணவு புல்லும் கிழங்கும் வேரும்தான். ஆனால் மனிதர் வைத்த கூடாரத்துக்குள் சாப்பாடு இருக்கும் என்று ஒருமுறை பழகிவிட்டால் பிறகு ஒவ்வொரு கூடாரமும் அதற்குச் சாப்பாட்டுக் கடை. வாசம் வரும் எதுவும், பற்பசையும்கூட, கூடாரத்துக்குள் வேண்டாம். எல்லாவற்றையும் காருக்குள் வைத்துக் கண்ணாடியை முழுதாக ஏற்றிப் பூட்டுங்கள் என்பதே அவர்கள் தரும் அறிவுரை. கூடாரத்துக்கு வெளியே மேசையில் வைக்கும் குளிர்ப்பெட்டியை பொசம் இலகுவாகத் திறந்துவிடும். காகத்தைப்போல இருக்கும் கறவோங் பறவை பையின் சிப்பையே இழுத்துத் திறக்கப் பார்க்கும்.

இங்கே ஒரு விடயத்தை மனம்விட்டுப் பேசவேண்டும். காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். வாயில்லாச் சீவன் பக்கத்தில் வந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது கொடுக்காமல் உண்பது மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். ஆனால் இந்த நாட்டுக் காட்டு விலங்குக்குப் பாண் துண்டு தர்மம் ஆகாது. கங்காருவுக்குப் பாணும் சிப்ஸும் கொடுத்தால் அதன் முரசு புண்பட்டுக் கிருமி தொற்றித் தாடை வீங்கும். பிறகு மேய முடியாமல் மெலிந்து சாகும். வர்ணக் கிளிகளுக்குத் தானியம் போட்டுக் கூட்டம் சேர்த்தால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சொண்டையும் சிறகையும் அழிக்கும் வைரசு நோய் பரவும்.

இதைவிடக் கொடிய கதை ஒன்று குவீன்ஸ்லாந்தில் நடந்தது. அப்போது பிரேசர் தீவு என்றழைக்கப்பட்டு, 2023இல் மீண்டும் கறி என்ற ஆதிப் பெயரைப் பெற்ற தீவு அது. (எங்கள் கறியல்ல, உச்சரிப்பு மட்டும்தான் அப்படி.) உல்லாசப் பயணிகள் கொடுத்த சாப்பாட்டில் மனிதப் பயம் விட்டுப்போன டிங்கோ நாய்கள் 2001 ஏப்ரலில் 9 வயதுச் சிறுவன் ஒருவனைக் கடித்துக் கொன்றன. அதன் பிறகு முப்பதளவு டிங்கோக்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. தீனி போட்டவர்கள் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஊரிலும் இதைப் பார்க்கலாம். புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் வீதியில் வாகனங்களை மறித்துப் பழம் கேட்கும் யானைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்தர்கள் அன்பாகக் கொடுத்துப் பழக்கியதுதான். இப்போது அந்த வீதியால் போகிறவர்களுக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

கதிர்காமம் என்றதும் நினைவுக்கு வருவது பாதயாத்திரை. செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரை வழியாக நடந்து, ஒகந்தையைக் கடந்து குமண, யால காடுகளுக்குள்ளால் போகிறார்கள். தோளில் சுமக்க முடிந்ததுதான் அவர்களுடைய சாமான்: ஒரு மாற்றுடுப்பு, போர்வை, தண்ணீர்ப் போத்தல், கொஞ்ச அரிசியும் பருப்பும். சாமான் கட்டும் கலையை நாங்கள் கடையில் தடித்த விலைப்பட்டியலைப் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. காருக்குள் இடம் இருக்கிறது என்பதால் அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எப்படிக் கட்டுவது? ஒவ்வொரு நேரச் சாப்பாட்டையும் வீட்டிலேயே அளந்து, மூடி இறுகும் டப்பாக்களில் தனித்தனியாகப் போடுங்கள். கடதாசி மட்டை, பிளாஸ்ரிக் உறை எல்லாவற்றையும் வீட்டுக் குப்பையிலேயே கழித்துவிட்டுப் போனால் காட்டில் பறக்க எதுவும் இராது. தேங்காய்ப்பூ கலந்த புட்டும் சம்பலும் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். முதல் நாள் காலைக்கு மட்டும் எடுங்கள். அடுத்த நாளுக்கு ரொட்டி, பருப்பு, ரின் மீன், அவல், எள்ளுருண்டை போதும். எலும்புள்ள கறியைத் தவிர்த்தால் நல்லது. வாசம் தூரத்துக்குப் போகும், எறிந்த எலும்பைத் தேடி நரி வரும். நரி இந்த மண்ணுக்குரிய பிராணியல்ல, உள்ளூர்ச் சிறு விலங்குகளைத் தின்று தீர்ப்பது. மிச்சத்தைத் தாட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், கிண்டி எடுத்துவிடும். விக்ரோரியாவின் பல பூங்காக்களில் குப்பைத்தொட்டியே இல்லை. கொண்டுபோனதைக் கொண்டுவர வேண்டும். இரண்டு தடித்த குப்பைப்பை எடுத்தால் போதும். சட்டி கழுவும் எண்ணெய்த் தண்ணீரை ஓடைக்குள் ஊற்றாமல் நூறு மீற்றராவது தள்ளிப்போய் நிலத்தில் ஊற்றுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். வெயில் நாளில் நடக்கும் ஆளொருவருக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர், கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டை, மழை அங்கி, ரோச். ஆனால் ஒன்றைப் பலர் எடுப்பதில்லை: அகலமான இழுவைப் பன்டேஜ் இரண்டு. பாம்பு கடித்தால் ஊரில் செய்ததுபோல கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், வெட்டி உறிஞ்சுவதும், கழுவுவதும் கூடாது. கடிவாயின் மேலும் பின்னர் கை கால் முழுவதும் பன்டேஜை இறுக்கமாகச் சுற்றி, தடி வைத்து அசையாமற் கட்டி, ஆளை நடக்கவிடாமல் கிடத்தி, 000 அழையுங்கள். பாம்பை அடிக்கத் தடி தேடாதீர்கள். அதுவும் இங்கே சட்டம் பாதுகாக்கும் சீவன். தவிர, அடிக்கப்போய்த்தான் பலர் கடி வாங்குகிறார்கள்.

அடுத்தது சப்பாத்து. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பைற்றொப்தோறா என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஈரமண்ணில் வாழ்ந்து செடிகளின் வேரை அழுகச் செய்கிறது. எங்களுக்குக் கிட்டவுள்ள பிரிஸ்பேன் றேஞ்சஸ் காட்டில் 1970ஆம் ஆண்டளவிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, பல வருட வயதான புல்மரங்கள் பட்டுப்போயின. ஒரு காட்டுச் சேற்றை அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகும் வாகனங்களில் எங்கள் சப்பாத்தும் ஒன்று. நோய் பிடித்த தோட்டத்து மண்வெட்டியை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகக்கூடாது என்பது ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். பழைய தூரிகையால் சேற்றை உதிர்த்துவிட்டு, மெதிலேற்றட் ஸ்பிரிற் தெளித்துத் துடையுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் சப்பாத்துக் கழுவும் தட்டு வைத்திருந்தால் தாண்டிப்போகாமல் நின்று கழுவுங்கள்.

நெருப்பைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் சற்று அதிகமாகவே அறிந்திருக்க வேண்டும். பழைய ட்ருகனினாக் கிராமம் 1969 காட்டுத்தீயில் எரிந்து அழிந்த இடத்தின் மேல்தான் எங்கள் வீடுகள் இருக்கின்றன. 2024 டிசம்பரில் தொடங்கிய கிறம்பியன்ஸ் தீ எழுபதாயிரம் ஹெக்ரேயருக்கு மேல் விழுங்கியது. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வெளியில் அடுப்பு மூட்ட எண்ணவே வேண்டாம். அன்றைக்கு அவலும் பாணும்தான். தீ அபாய அளவு அதியுச்சத்துக்குப் போகும் நாளில் பயணத்தையே கைவிடுங்கள். புறொமன்ரறியில் விறகு நெருப்பு ஒருநாளும் அனுமதியில்லை. அனுமதியுள்ள இடத்திலும் விழுந்து கிடக்கும் பொந்துக் கட்டைகளை விறகாக்காதீர்கள். பல்லிக்கும் எக்கிட்னாவுக்கும் அது வீடு. அணைக்கும்போது மண்ணால் மூடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை வைத்துப் பார்க்கக்கூடிய சூட்டுக்கு வரவேண்டும்.

ஆற்றங்கரையில் நண்டு, யாபி பிடிக்கும் ஆசையுள்ளவர்களுக்கு ஒரு சொல். ஒப்பரா ஹவுஸ் வலை என்ற மூடிய கூடு விக்ரோரியாவில் 2019 ஜூலை 1 முதல் தடை. பிளற்றிபஸ் மூச்செடுக்க மேலே வரவேண்டிய பிராணி. அந்தக் கூட்டுக்குள் அகப்பட்டால் மூழ்கிச் செத்துவிடும். எங்கள் வெறிபி ஆற்றிலும் பிளற்றிபஸ் இருக்கிறது. கராஜில் பழைய கூடு கிடந்தால் நறுக்கி எறிந்துவிடுங்கள், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்பும் ஓட்டத்தைப் பொழுதுபடும் நேரத்துக்கு வைக்கவேண்டாம். கங்காருவும் வொம்பற்றும் வீதிக்கு வரும் நேரம் அது. மோதிவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, செத்துக் கிடப்பது பெண்ணா, பையில் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வொம்பற்றின் பை பின்பக்கம் திறந்திருக்கும். முலைக்காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியை இழுத்தெடுக்கக் கூடாது, பாலும் பருக்கக் கூடாது. வைல்ட்லைவ் விக்ரோரியா அமைப்பை 03 8400 7300 இல் அழைத்தால் என்ன செய்வதென்று சொல்வார்கள்.

இன்னும் மனம் வராதவர்கள் யூ யாங்ஸ் மலைக்கு ஒரு பகற்பொழுது போய்வரலாம். இங்கிருந்து கிட்டத்தான். 1802 மே 1ஆம் திகதி மத்தியூ பிளிண்டர்ஸ் ஏறிய சிகரத்துக்கு இப்போது படி கட்டியிருக்கிறார்கள். கம் மரங்களில் கோவாலா இருக்கும். கடும் வெயிலில் கோவாலா கீழே இறங்கி வந்தால் போத்தலை அதன் வாயில் வைக்காதீர்கள்; தலையை நிமிர்த்திப் பருக்கினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு தட்டையான பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தானாகக் குடிக்கும். அம்மாவை முதலில் அங்கேதான் கூட்டிப்போனோம். கீழே வாங்கிலில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, மிஞ்சிய பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பேத்தி டப்பாவை நீட்டினாள். "சரி சரி" என்று உள்ளே போட்டு மூடினார். பூங்காவின் வாயிற்கதவை மாலையில் பூட்டிவிடுவார்கள். உள்ளே போகும்போதே பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.