வீட்டருகே காணும் புதிய பாம்பை இனமறியும் வகை

மழைக்காலத்தில் வளைகளில் நீர் புகுவதால், பாம்புகள் மேடான இடங்களை நாடி வீடுகளையும் வைக்கோற் போர்களையும் அடைவது வழக்கம். அப்பொழுது முன்பின் அறியாத பாம்பொன்றைக் கண்டவுடன் சிலர் தடியெடுத்து ஓடுகின்றனர். சிலர் விஷமற்றதென்று கருதிக் கையால் பிடிக்கத் துணிகின்றனர். இரண்டும் கேட்டிலேயே முடியும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 58,000 பேர் மாண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. அவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகளே. ஆதலால் சங்க அங்கத்தினர் யாவரும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

நம் நாட்டில் பெரும்பாலான உயிர்ச்சேதத்துக்குக் காரணமானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குமாம். இவற்றைப்போன்ற தோற்றமுடைய விஷமற்ற பாம்புகளும் உண்டு. மயக்கம் நேர்வது இங்கேதான்.

1. நல்ல பாம்பும் சாரையும்: நல்ல பாம்பு சினந்தால் படமெடுக்கும், சாரைக்குப் படமில்லை. சாரை நீண்டு மெலிந்த உடலும் பெரிய கண்களும் உடையது, பகலில் விரைந்தோடும். சாரை நல்ல பாம்பின் ஆண் என்பது தவறான எண்ணம். இரண்டும் வெவ்வேறு இனங்கள். சாரை எலிகளைத் தின்று பயிரைக் காப்பது.

2. கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்: மிகுந்த அபாயம் தருவது இந்த மயக்கமே. கட்டுவிரியன் பளபளக்கும் கரியநிறமுடையது. அதன் மெல்லிய வெண்கோடுகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக அமைந்து, வாலை நோக்கித் தெளிவாகவும் தலைப்புறம் மங்கியும் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனோ பழுப்பு நிறத்தது. அதன் பட்டைகள் தலைப்புறம் தெளிவாயிருந்து வால்புறம் மங்கும். அது பல்லிகளைத் தேடிச் சுவரில் ஏறும்.

3. கண்ணாடி விரியனும் மண்ணுளியும்: கண்ணாடி விரியனின் முதுகில் கரிய விளிம்புள்ள நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் மூன்று வரிசையாகக் காணும். தலை முக்கோண வடிவானது; சீறல் பலத்தது. மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கின்றி இருக்கும். அதன் வால் குட்டையானது.

4. சுருட்டை விரியன்: உருவிற் சிறியதாயினும் அலட்சியம் கூடாது. உடலைச் சுருட்டிச் செதில்களை உராய்ந்து, அரம் தேய்ப்பதுபோன்ற ஒலியெழுப்பும்.

இவ்வடையாளங்கள் எட்ட நின்று பார்ப்பதற்கே உரியவை. நிறம் வயதாலும் இடத்தாலும் மாறுபடும். ஐயமிருப்பின் விஷமுள்ளதென்றே கொள்க. குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்தி, பாம்பு செல்ல வழிவிட்டு, தேர்ந்த பாம்பு பிடிப்போருக்கோ வனத்துறையினருக்கோ தெரிவித்தல் நன்று.

ஒருவரைப் பாம்பு கடித்துவிடின், அதன் இனத்தை அறியவென்று காலங்கடத்தலாகாது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கின் விஷத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. வைத்தியர் நோயாளியின் குறிகளைக் கண்டே அதைச் செலுத்துவர். எனவே பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டுவதில்லை. கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றா. விடியலில் வயிற்றுவலியோ, கண்ணிமை தொங்குதலோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை தீமையே செய்யும். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்தல் போதும். மந்திரத்தை நம்பிப் போக்கும் நாழிகை உயிரையே வாங்கக்கூடும்.

இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதிற் பெயர்பெற்றது ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 1978-ல் செங்கற்பட்டுப் பகுதியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த மக்கள், அவ்வியாபாரம் தடுக்கப்பட்டபின், தம் பரம்பரை அறிவையே உயிர்காக்கும் தொழிலாக்கினர். விஷமெடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அவர்கள் முறை.

நம் சங்கங்களும் செய்யத்தக்கன உள. வீட்டையொட்டி விறகும் கல்லும் குவியாமலும், தானியம் சிதறி எலி பெருகாமலும் பார்த்துக்கொள்ளுமாறு அங்கத்தினரைத் தூண்டலாம். இரவில் விளக்கின்றி நடவாமலும், கட்டிலிலோ கொசுவலைக்குள்ளோ படுக்கவும் சொல்லலாம். விஷமுறிவு மருந்துள்ள அண்மை ஆஸ்பத்திரி எது, இரவில் வண்டி தருபவர் யார் என்பதை முன்னரே விசாரித்துச் சங்கக் கட்டிடத்தில் எழுதி ஒட்டுக. ஆபத்து வந்தபின் தேடும் நேரம் இதனால் மிச்சமாகும்.